ஸ்பானிஷ் கப்பல் ஆவணங்களை ஆங்கிலமாக்க எந்த வழி தேவலை? தேக்கு இறக்குமதியை வைத்து ஓர் ஒப்பீடு

ஈக்வடார், கோஸ்டா ரிக்கா, பனாமா, கொலம்பியா பக்கமிருந்து தூத்துக்குடிக்குத் தேக்குத் தடி இறக்கும் ஆபீஸ்களில் டாக்குமென்டேஷன் பார்ப்பவர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. ஃபைலைத் திறந்தால் பாதி ஆங்கிலம், பாதி ஸ்பானிஷ். கஸ்டம்ஸ் புரோக்கர் ஆங்கிலத்தில் கேட்கிறார், பேங்க் ஆங்கிலத்தில் கேட்கிறது, முதலாளியோ "கூகுள்ல போட்டா வந்துராதா?" என்று கேட்கிறார். வரும். வருவதை நம்பி, இறக்குமதிக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி போடலாமா என்பதுதான் கேள்வி.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து. சப்ளையரையே ஆங்கிலத்தில் தரச் சொல்வது, கூகுள் டிரான்ஸ்லேட், டீப்எல் மாதிரி இயந்திரத்தில் போடுவது, சாட்ஜிபிடி, கிளாட் போன்ற ஏஐயிடம் கொடுப்பது, காசு கொடுத்து மொழிபெயர்ப்பாளரைப் பிடிப்பது, ஆபீஸுக்கென்று சொந்தமாகச் சொற்பட்டியல் ஒன்று வைத்துக்கொள்வது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பலாம்: முதலில் சப்ளையர், அடுத்தது சொந்தப் பட்டியல், இயந்திரமும் ஏஐயும் நாம் படித்துப் புரிந்துகொள்ள மட்டும், காசு கொடுத்த மொழிபெயர்ப்பு சண்டை வரும்போது. எந்தப் பேப்பர், அதை யார் படிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த வரிசை கொஞ்சம் மாறும், அதனால்தான் இவ்வளவு நீளம்.

முதலில் எதெல்லாம் ஸ்பானிஷில் வருகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பலர் தேவையில்லாததையும் மொழிபெயர்க்கக் கொடுக்கிறார்கள். பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) பெரும்பாலும் ஆங்கிலம்தான். மெர்ஸ்க், எம்.எஸ்.சி., ஹபாக் லாயிட் போன்ற பெரிய கப்பல் லைன்களின் படிவமே ஆங்கிலத்தில் அச்சானது, சரக்கு விவரக் கட்டத்தில் மட்டும் ஷிப்பர் (சரக்கு அனுப்புபவர்) கொடுத்த ஸ்பானிஷ் வரி ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வரலாம். முழு ஸ்பானிஷாக வருபவை இவை: ஃபக்தூரா என்கிற இன்வாய்ஸ், லிஸ்தா தெ எம்பாக்கே என்கிற பேக்கிங் லிஸ்ட், அந்த நாட்டு ஏற்றுமதி டிக்ளரேஷன், ஃபியூமிகேஷன் சான்றிதழ், சில சமயம் சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்லும் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின், அப்புறம் உள்ளூர் டிரக்காரரும் டெர்மினலும் போட்ட பில்கள். இதில் ஏற்றுமதி டிக்ளரேஷனை நம் கஸ்டம்ஸ் எப்போதும் கேட்பதில்லை, விலையில் சந்தேகம் வந்தால்தான் கேட்பார்கள். அதைக் கேட்கும்வரை தொடாதீர்கள்.

சரி, சப்ளையர் வழி. இது ஏன் முதலிடம் என்றால், அவர் தருவது மொழிபெயர்ப்பு அல்ல, அசல். எல்.சி.யில் (லெட்டர் ஆஃப் கிரெடிட், ஆவணங்கள் சரியாக இருந்தால் சப்ளையருக்குப் பணம் தருவதாக பேங்க் கொடுக்கும் உறுதி) வியாபாரம் செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் காசு. எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600இன் 18ஆம் பிரிவு, இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும் என்கிறது. எல்.சி.யில் "டீக் ரவுண்ட் லாக்ஸ்" என்று இருக்க, இன்வாய்ஸில் "த்ரோசாஸ் தெ தெக்கா" என்று மட்டும் இருந்தால் பேங்க்காரர் மூக்கைச் சுளிப்பார். நீங்கள் தனியாக ஒரு ஆங்கிலத் தாளைப் பின் பண்ணிக் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அவர் பார்ப்பது பெனிஃபிஷியரி, அதாவது பணம் பெறும் சப்ளையர், கொடுத்த ஆவணத்தை. எல்.சி.யில் ஆவணங்கள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டால், பேங்க்குகள் ஆவணம் சரிபார்ப்பதற்கான ஐ.எஸ்.பி.பி. 745 நடைமுறைப்படி எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்றாகிவிடும். ஆகவே எல்.சி. திறக்கும் நாளிலேயே "எல்லா ஆவணங்களும் ஆங்கிலத்தில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது, பின்னால் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் காசைவிட மலிவு.

ஆனால் சப்ளையர் "முடியாது, எங்கள் சட்டப்படி ஃபக்தூரா ஸ்பானிஷில்தான்" என்பார். பொய் இல்லை. ஈக்வடாரில் ஃபக்தூரா என்பது வரித்துறையின் மின்னணு ஆவணம், 49 இலக்க அணுகல் எண்ணோடு வரும். கோஸ்டா ரிக்காவில் அதே மாதிரி 50 இலக்கம். அதில் அவர் மொழியை மாற்ற முடியாது. அவரால் செய்ய முடிந்தது, அதே தொகை, அதே எடை, அதே நிபந்தனையோடு தனியாக ஓர் ஆங்கில கமர்ஷியல் இன்வாய்ஸ் அடித்துத் தருவது. அப்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டிலும் ஒரே நம்பர் இருக்கட்டும். ஈக்வடார் ஃபக்தூரா நம்பர் 001-001-000000123 என்கிற வடிவத்தில் இருக்கும். ஆங்கில இன்வாய்ஸில் அவர் தன் எக்செல் ஃபைலின்படி "ஐ.என்.வி. 45" என்று போட்டுக் கொடுத்தால், ஒரு வருடம் கழித்து யாராவது அந்த ஊர் ஏற்றுமதி டிக்ளரேஷனை எடுத்துப் பார்க்கும்போது இரண்டு வேறு இன்வாய்ஸ் மாதிரி தெரியும். இரண்டு இன்வாய்ஸ் என்றால் இரண்டு விலையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், குவாயாகிலில் இருக்கும் சப்ளையர் அல்ல.

சப்ளையர் வழியில் இன்னொரு ஓட்டை. அவர் ஆங்கிலம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அவரும் கூகுளில்தான் போடுகிறார். தேக்கில் இதனால் நேரடியாக வரி மாறும். "மதேரா என் ரோயோ" என்றால் உருட்டுத் தடி. "எஸ்குவாத்ராதா" என்றால் கோடாரியாலோ ரம்பத்தாலோ நாலு பக்கமும் சுமாராகச் சதுரமாக்கிய தடி. "அசெர்ராதா" என்றால் நீளவாக்கில் அறுத்த மரம். முதல் இரண்டும் எச்.எஸ். என்கிற சர்வதேச சுங்க வகைப்பாட்டில் 4403இல் போகும், அந்தத் தலைப்பிலேயே சுமாராகச் சதுரமாக்கியதும் சேர்ந்திருக்கிறது. மூன்றாவது 4407, வரி வேறு. அவர் எஸ்குவாத்ராதாவை "சான் டிம்பர்" என்று ஆங்கிலமாக்கி அனுப்பினால், சதுரத் தடியை அறுத்த மரம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். அதனால் ஆங்கிலத்தில் அடித்துத் தரச் சொல்லும்போது, சரக்கு விவர வரியை மட்டும் நாமே எழுதி அனுப்பி, "இதை அப்படியே போடுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். கான்டிராக்டில் என்ன வார்த்தையோ அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாமல்.

ஆவணங்களின் டிராஃப்டை முன்கூட்டியே கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. பசிபிக் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து சரக்கு இங்கே வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். கப்பல் கிளம்பும் முன்பே டிராஃப்ட் வந்தால் திருத்த நேரம் இருக்கிறது. கடைசி நிமிடத்தில் கூரியரைப் பிரித்துப் பார்த்துவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தால், பில் ஆஃப் என்ட்ரி தாமதத்துக்கு முதல் மூன்று நாள் நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று ஓட ஆரம்பித்துவிடும். மொழிபெயர்ப்புச் செலவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சப்ளையர் கைக்கு மீறியது ஒன்று உண்டு, மரத்தில் பூச்சி, நோய் இல்லை என்று சான்று சொல்லும் ஃபைட்டோ சானிட்டரி சர்டிஃபிகேட். அதை ஈக்வடாரில் அக்ரோகாலிதாத், கோஸ்டா ரிக்காவில் எஸ்.எஃப்.இ., கொலம்பியாவில் ஐ.சி.ஏ. என்று அரசு அமைப்புகள் தருகின்றன. மாதிரிப் படிவம் உலகம் முழுக்க ஒன்றுதான், ஐ.எஸ்.பி.எம். 12 என்கிற தரநிலையில் இருப்பது, ஆகவே எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்பது மொழி தெரியாமலே தெரியும். தாவரப் பெயர் லத்தீனில், டெக்டோனா கிராண்டிஸ். பிரச்சினை வருவது கூடுதல் அறிவிப்பு, ட்ரீட்மென்ட் என்ற இரண்டு கட்டங்களில். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணி நேரம், என்ன வெப்பநிலை. இதை நீங்கள் அழகாக ஆங்கிலமாக்கி வைத்தாலும் குவாரன்டைன் அதிகாரி அசலைத்தான் பார்ப்பார், அதில் தவறு இருந்தால் அந்த அமைப்பே திருத்தித் தர வேண்டும். சப்ளையர் விண்ணப்பிக்கும்போதே இந்த இரண்டு கட்டங்களையும் ஆங்கிலத்தில் எழுதக் கேட்கச் சொல்லுங்கள்.

இனி இயந்திரம். கூகுளும் டீப்எல்லும் ஸ்பானிஷ்–ஆங்கிலத்தில் நன்றாகவே செய்கின்றன, அதில் சந்தேகம் வேண்டாம், ஸ்பானிஷில் வந்த மெயிலைப் படிக்க இதைவிட நல்ல வழி இல்லை. சறுக்குவது வாக்கியங்களில் இல்லை, கட்டங்களில். ஒரு படிவத்தின் கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கும், சுற்றிலும் சூழல் கிடையாது. "பர்த்தீதா" என்றால் கிளம்புதல், சரக்குத் தொகுதி, கணக்கில் ஒரு வரி, டாரிஃப் தலைப்பு, பிறப்புச் சான்றிதழ் கூட. "தெரெச்சோஸ்" என்றால் உரிமைகள், சுங்க வரியும் அதுதான். "கொர்த்தேசா" என்றால் ரொட்டியின் மேல் ஓடு, மரப்பட்டையும் அதுதான், பட்டை உரித்ததா இல்லையா என்பது குவாரன்டைனுக்கு முக்கியம். "லெவான்தே" என்பது கிழக்குத் திசை, தூக்குதல், கஸ்டம்ஸில் சரக்கை விடுவிக்கும் அனுமதி. "அஃபோரோ" என்பது அரங்கத்தில் எத்தனை பேர் கொள்ளும் என்ற அளவு, ஈக்வடார் கஸ்டம்ஸில் அது சரக்கைப் பரிசோதிப்பது. "ரலேயோ" என்று பேக்கிங் லிஸ்ட்டில் இருந்தால் அது தோட்டத்தில் நெருக்கம் குறைக்க இடையில் வெட்டிய இளமரம், கடைசி வெட்டு மரம் அல்ல. விலையே அதில்தான் இருக்கிறது, இயந்திரமோ அதைப் பெயர்ச்சொல்லாக அப்படியே விட்டுவிடலாம், இல்லை வேறு எதையாவது சொல்லலாம்.

அப்புறம் எண்கள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஈக்வடார், கொலம்பியா, சிலே, அர்ஜென்டினா, ஸ்பெயின் எல்லாம் தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி. மெக்சிகோ, குவாத்தமாலா, பனாமா நம்மைப் போல, தசமத்துக்குப் புள்ளி. ஒரு ஈக்வடார் பேக்கிங் லிஸ்ட்டில் எடை 24.350 என்றும் கன அளவு 18,450 என்றும் இருந்தால், எடை இருபத்து நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது கிலோ, கன அளவு பதினெட்டரைக்குச் சற்றுக் குறைவான கன மீட்டர். ஒரே தாளில் இரண்டும் நமக்குத் தலைகீழாகத் தெரியும். இதில் கொடுமை என்னவென்றால், அதே ஈக்வடார்காரர் வேறொரு தாளை ஆங்கில செட்டிங் உள்ள கம்ப்யூட்டரில் அடித்திருப்பார், அதில் புள்ளியும் கமாவும் நம் வழக்கப்படி இருக்கும். எந்த மொழிபெயர்ப்புக் கருவியும் இதைத் தீர்க்காது. நீங்கள் துண்டுகளின் கன அளவைக் கூட்டிப் பார்த்துத்தான் எது எது என்று முடிவு செய்ய வேண்டும்.

கூட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள், தேக்கில் கன அளவு எந்த முறையில் என்று. ஹாப்பஸ் முறை என்றால் சுற்றளவை நாலால் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவது. 80 சென்டிமீட்டர் சுற்றளவு, 2.3 மீட்டர் நீளம் உள்ள தடி ஹாப்பஸில் 0.092 கன மீட்டர், உண்மை உருளைக் கணக்கில் 0.117. ஹாப்பஸ் எப்போதும் உண்மையில் சுமார் 78.5 சதவீதம். ஆவணத்தில் "வொலூமென் ப்ரூத்தோ", "வொலூமென் நெத்தோ" என்று இரண்டு பத்தி இருந்தால், மொழிபெயர்ப்பு கிராஸ், நெட் என்று சரியாகச் சொல்லிவிடும். ஆனால் நெட் என்பது பட்டைக்கும் வெடிப்புக்கும் கழித்ததா, அல்லது உருளைக் கணக்கு ஒன்று ஹாப்பஸ் ஒன்று என்று போட்டிருக்கிறாரா என்பதைச் சொல்லாது. ஒரு தடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ரெண்டு நிமிஷ வேலை, எந்த அகராதியும் தராத பதில் வந்துவிடும்.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். இயந்திர மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டால் இது ஒரு படி மேல். காரணம், "இது ஈக்வடாரிலிருந்து வரும் தேக்குத் தடிக்கான பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸ் சொற்களாகப் பார்" என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. சொன்னால் தெரெச்சோஸ் உரிமை ஆகாது, கொர்த்தேசா ரொட்டி ஓடு ஆகாது. ஏன் இப்படிப் போட்டாய் என்று திருப்பிக் கேட்கலாம், இரண்டு அர்த்தம் இருந்தால் இரண்டையும் சொல் என்று கேட்கலாம். ஆனால் இதன் குணமே வேறு மாதிரி ஆபத்து. இயந்திரம் தவறினால் தவறு கண்ணில் குத்தும், வாக்கியம் நொண்டும். ஏஐ தவறினால் வாக்கியம் வழுவழுவென்று இருக்கும். மங்கலான ரப்பர் ஸ்டாம்ப், பாதி அழிந்த தேதி, கையால் எழுதிய சீல் நம்பர் எல்லாவற்றையும் அது தானாக நிரப்பிக் கொடுக்கக்கூடும். 03/04 என்று இருந்தால் ஸ்பானிஷ் நாடுகளில் அது ஏப்ரல் மூன்று, நம்மைப் போலத்தான், ஆனால் அமெரிக்கப் பழக்கத்தில் அதை மார்ச் நாலாக்கி எழுதினாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஆகவே கொடுக்கும்போதே மூன்று கட்டளை போட்டுவிடுங்கள்: எண்களையும் தேதிகளையும் அசலில் உள்ளபடியே எழுது, படிக்க முடியாததைப் படிக்க முடியவில்லை என்றே எழுது, நிறுவனப் பெயர்களையும் ஆவணப் பெயர்களையும் மொழிபெயர்க்காதே. அப்படியும் கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், இன்வாய்ஸ் நம்பர் மூன்றையும் பி.எல்.லோடு கண்ணால் ஒப்பிடாமல் விடக்கூடாது. இன்னொன்று, இலவசக் கருவிகளில் விலையோடு இருக்கும் இன்வாய்ஸை அப்படியே ஏற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. பார்ட்டி பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு ஏற்றலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

காசு கொடுத்த மொழிபெயர்ப்பாளர் எப்போது? சாதாரண பேக்கிங் லிஸ்ட்டுக்கு அநாவசியம். சொல் கணக்கில் வாங்குகிறார்கள், எண்கள் நிறைந்த தாளில் சொல்லே கம்மி, மினிமம் சார்ஜ்தான் கட்டுவோம். இலக்கியம், சட்டம் எல்லாம் நன்றாகச் செய்பவருக்கும் கப்பல் சொற்கள் புதிதாக இருக்கலாம். ஒரு ஏஜென்சியிலிருந்து வந்த தாளில் "அவெரியா க்ருவேசா" என்பதற்குக் "கனமான பழுது" என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அது ஜெனரல் ஆவரேஜ். கப்பலைக் காப்பாற்ற ஒரு பகுதிச் சரக்கையோ செலவையோ பலிகொடுத்தால், நஷ்டத்தைக் கப்பல்காரரும் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும் என்கிற ஏற்பாடு. 2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் சிக்கியபோது அறிவித்தார்களே, அதே. "அவெரியா" என்றால் பேச்சு வழக்கில் வண்டி பழுது, இன்ஷூரன்ஸ் பேப்பரில் சேதம், க்ருவேசா சேர்ந்தால் நீங்கள் கேரன்டி கையெழுத்துப் போடாமல் கன்டெய்னரே வெளியே வராத அளவுக்கான விஷயம். "ப்ரொதெஸ்தா தெ மார்" என்பதைக் கடற்போராட்டம் என்று யாரும் எழுதாமல் இருந்தால் சரி, அது பயணத்தில் நடந்ததைப் பற்றிக் கப்பல் கேப்டன் பதிவு செய்யும் பிரொட்டெஸ்ட்.

ஆக, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம், ஆர்பிட்ரேஷன், கோர்ட், சப்ளையரோடு தரத் தகராறு, இவை நான்கில் எது வந்தாலும் மனிதர்தான் வேண்டும், அதுவும் கடல் வாணிபம் தெரிந்தவர். அங்கேயும் எந்த வகை மொழிபெயர்ப்பாளர் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த "த்ரதுக்தோர் ஹுராதோ", அர்ஜென்டினாவில் "த்ரதுக்தோர் பூப்ளிக்கோ", மெக்சிகோவில் "பெரித்தோ த்ரதுக்தோர்". நம் ஊரில் அந்த முத்திரை செல்லுமா என்பதை வக்கீலிடம் கேட்டுவிட்டே ஆர்டர் கொடுங்கள். வெளிநாட்டில் செல்ல அரசு தரும் அப்போஸ்டில் சான்றை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. அப்போஸ்டில் சான்று சொல்வது கையெழுத்துக்கும் முத்திரைக்கும்தான், உள்ளே எழுதியது சரியா என்று அது பார்ப்பதே இல்லை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த வழி, சொந்தப் பட்டியல். இணையத்தில் கிடைக்கும் ஸ்பானிஷ்–ஆங்கில ஷிப்பிங் சொல்வரிசைகளும், ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவசச் சொற்களஞ்சியமான ஐ.ஏ.டி.இ.யும் தொடக்கத்துக்கு நல்லவை, ஆனால் ஐரோப்பியத் தளம் ஐரோப்பாவைப் பேசுகிறது. உதாரணம் "துவா". ஸ்பெயினில் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சிங்கிள் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டாக்குமென்ட். கோஸ்டா ரிக்காவில் அதே மூன்றெழுத்து அந்த நாட்டு சுங்க டிக்ளரேஷன். பெருவில் முன்பு துவா என்றிருந்தது இப்போது "தாம்". ஈக்வடாரில் ஏற்றுமதிக்கு டி.ஏ.இ., கொலம்பியாவில் டெக்ஸ், சிலேயில் டி.யு.எஸ். கோஸ்டா ரிக்கா தாளுக்கு நேரே ஐரோப்பியப் படிவத்தின் பெயரை எழுதினால் அது இல்லாத ஆவணத்தைக் குறிக்கும். நான் செய்வது: ஆவணத்தின் உள்ளூர்ப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் நாட்டின் பெயரும் "எக்ஸ்போர்ட் டிக்ளரேஷன்" என்ற பொதுச் சொல்லும் சேர்ப்பது. படிப்பவருக்குப் புரியும், அசலைத் தேடினாலும் கிடைக்கும். வரி எண்ணும் இப்படித்தான்: ஈக்வடார், பெருவில் ரூக், கொலம்பியாவில் நித், சிலேயில் ருத், அர்ஜென்டினாவில் குயித், மெக்சிகோவில் ஆர்.எஃப்.சி. எல்லாவற்றையும் "டாக்ஸ் ஐடி" என்று தேய்த்துவிட்டால் எந்த எண் எதுவென்று தெரியாமல் போகும். "ரசோன் சோசியால்" என்ற கட்டம் கம்பெனியின் பதிவுப் பெயர், அதில் சமூகமும் இல்லை, காரணமும் இல்லை.

பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நாட்டுக்கு ஒரு பத்தி கட்டாயம். சீலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் "ப்ரெசின்தோ", பல நாடுகளில் "செய்யோ", மத்திய அமெரிக்காவில் "மர்ச்சாமோ". கோஸ்டா ரிக்காவில் வண்டிக்கு வருஷா வருஷம் கட்டும் தொகைக்கும் மர்ச்சாமோ என்றுதான் பெயர், டிரக்காரர் பில்லில் அந்தச் சொல் வந்தால் எது என்று கேட்டுவிட வேண்டும். கஸ்டம்ஸ் புரோக்கர் அர்ஜென்டினாவில் "தெஸ்பச்சான்தே", மெக்சிகோவில் "அஹென்தே அதுவனால்". சரக்கை அனுப்பி வைக்கும் ஏஜென்ட்டான ஃபார்வர்டர் ஸ்பெயினில் "த்ரான்சித்தாரியோ".

மிகவும் காசு கடிக்கும் சொல் "தெமோராஸ்". நேர் அர்த்தம் தாமதங்கள். தாளில் அது கன்டெய்னரைத் திருப்பித் தராததற்கு லைன் வாங்கும் டிடென்ஷனாக இருக்கலாம், கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்ததற்கு லைன் வாங்கும் டெமரேஜாக இருக்கலாம், சிலர் இரண்டையும் சேர்த்தே அப்படிச் சொல்கிறார்கள். டெர்மினலில் கிடந்ததற்கு "அல்மசெனாஹே", ஸ்பெயினில் "ஒகுபசியோன்". மெக்சிகோவில் "எஸ்ததியாஸ்" என்று டிரக் காத்திருந்ததற்கு வாங்குவார்கள், வாடகைக்கு எடுத்த சார்ட்டர் கப்பலில் "சோப்ரெஸ்ததியா" டெமரேஜ். பெருவிலோ கன்டெய்னருக்கே சோப்ரெஸ்ததியா என்பார்கள். அகராதி பார்த்துத் தீர்க்க முடியாத சிக்கல் இது. நான் சொல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பணம் யாருக்குப் போகிறது என்று பார்ப்பேன். லைனுக்கு என்றால் டிடென்ஷன் அல்லது டெமரேஜ், டெர்மினலுக்கு என்றால் ஸ்டோரேஜ், டிரக்காரருக்கு என்றால் வெயிட்டிங். சப்ளையர் இதில் ஒன்றை உங்கள் தலையில் கட்டி டெபிட் நோட் அனுப்பினால், லைன் கொடுத்த ரசீதைக் கேளுங்கள், மொழிபெயர்ப்பு தானாக வந்துவிடும்.

"ஃப்ளெத்தே" என்கிற ஃபிரெய்ட்டிலும் ஒரு நுணுக்கம். "ஃப்ளெத்தே இன்தெர்னோ" என்றால் தோட்டத்திலிருந்து துறைமுகம்வரை, "ஃப்ளெத்தே இன்தெர்னசியோனால்" அல்லது "மரித்தீமோ" என்றால் கடல் வாடகை. கப்பலில் ஏற்றும்வரையிலான எஃப்.ஓ.பி. விலையில் உள்ளூர் வாடகை ஏற்கெனவே அடக்கம். நம் கஸ்டம்ஸ் மதிப்புப் போடுவது சி.ஐ.எஃப்., அதாவது சரக்கு விலையோடு இன்ஷூரன்ஸும் கடல் வாடகையும் சேர்த்த அடிப்படையில். உள்ளூர் வாடகைத் தொகையைக் கடல் வாடகை என்று நினைத்துக்கொண்டால் மதிப்பு குறைந்து போகும், குறைத்துக் காட்டினீர்கள் என்ற பேர் வரும். வாடகையைக் காட்டவே முடியாவிட்டால் 2007 மதிப்பீட்டு விதிகளின்படி எஃப்.ஓ.பி.யில் 20 சதவீதம் வாடகை, 1.125 சதவீதம் இன்ஷூரன்ஸ் என்று சேர்த்துக்கொள்வார்கள். எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். மாதிரியான இன்கோடெர்ம்ஸை மட்டும் எந்த நிலையிலும் மொழிபெயர்க்காதீர்கள், அந்த மூன்றெழுத்துகள் எல்லா மொழியிலும் அதேதான், பக்கத்தில் இடத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பட்டியல் வழியின் குறை, அது முளைக்க நாளாகும். முதல் கன்சைன்மென்ட்டுக்கு உதவாது, நாலைந்து ஃபைல் போன பிறகுதான் கைகொடுக்கும், எழுதி வைத்தவர் வேலையை விட்டுப் போனால் அவர் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். எல்லோரும் திறக்கும் ஷேர்டு ஃபைலில் வையுங்கள். முதல் முறை இறக்குபவர்கள் என்றால் டிராஃப்டை ஏஐயில் போட்டுப் புரிந்துகொண்டு, சந்தேகமான சொற்களை மட்டும் சப்ளையரிடமோ அந்த ஊர் ஃபார்வர்டரிடமோ கேட்டு, வரும் பதிலையே பட்டியலின் முதல் வரிகளாக எழுதிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு மெக்சிகோ சரக்கு பார்க்கும் நம்மவர்களுக்கு வரிசை கொஞ்சம் மாறும். அங்கே 19 சி.எஃப்.ஆர். 141.86 என்கிற அமெரிக்க சுங்க விதியே இன்வாய்ஸும் இணைப்புகளும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியான ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும் என்கிறது, அதாவது நாமே செய்து இணைக்கும் மொழிபெயர்ப்புக்கு இடமுண்டு. 2020 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா–மெக்சிகோ–கனடா ஒப்பந்தமான யு.எஸ்.எம்.சி.ஏ.யின்படி ஆரிஜின் சான்று ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எதிலும் இருக்கலாம், கஸ்டம்ஸ் கேட்டால் மட்டும் மொழிபெயர்ப்பு தர வேண்டும். அதனால் அங்கே ஆரிஜின் சான்றை அவசரப்பட்டு ஆங்கிலமாக்க வேண்டியதில்லை, இன்வாய்ஸை ஆக்கியே தீர வேண்டும். மெக்சிகோவின் "பெதிமென்தோ" என்கிற சுங்க டிக்ளரேஷன் வந்தால் முழுதையும் மொழிபெயர்க்க உட்காராமல் அதன் 15 இலக்க எண்ணை முதலில் பாருங்கள்: முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு கஸ்டம்ஸ் அலுவலகம், அடுத்த நாலு புரோக்கரின் லைசென்ஸ் எண், மிச்சம் ஏழில் முதலாவது வருடத்தின் கடைசி இலக்கம், பாக்கி ஆறும் வரிசை எண். அந்த நாலு இலக்கத்துக்கு மேலே "பதென்தே" என்று எழுதியிருக்கும். அதை "பேட்டன்ட்" என்று ஆங்கிலமாக்கி அனுப்பினால், என்ன கண்டுபிடிப்புக்கு உரிமை வாங்கியிருக்கிறீர்கள் என்று அமெரிக்க எல்லை ஊரான லரேடோவில் யாராவது கேட்கக்கூடும்.